தேர் பார்க்க வருபவர்களும் வடம் பிடிப்பவர்களும்: ஸ்காட்லாந்து ஹைலேண்ட் விழாக்களின் கூட்டக் கணக்கு

ஆகஸ்ட் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், டான் ஆறு ஓடும் ஸ்ட்ராத்டான் பள்ளத்தாக்கில், காலையிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் கில்ட் என்னும் மடிப்புப் பாவாடை உடுத்தி, நீண்ட ஈட்டிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அணிவகுத்து நிற்பார்கள். 'லோனக் ஆட்கள்' என்று இவர்களுக்குப் பெயர். பேக்பைப் என்னும் பைக்குழல் இசையின் முழக்கம் முன்னே செல்ல, ஏறத்தாழ 6 மைல் நடப்பார்கள். வழியில் உள்ள வீடுகளின் வாசலில் நிற்பார்கள். வீட்டுக்காரர் ஒரு வாய் விஸ்கி ஊற்றிக் கொடுப்பார். அவரை வாழ்த்திக் குடித்துவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்வார்கள். ஊர்வலத்தின் கடைசியில் ஒரு குதிரை வண்டி வரும். கால் தள்ளாடுபவர்களை ஏற்றிக்கொள்ளத்தான் அது.

நண்பகலுக்குப் பிறகு இந்த அணி விளையாட்டு மைதானத்துக்குள் நுழையும்போது, சுற்றி நிற்பவர்களின் கைகளில் செல்போன்கள் உயரும். ஜெர்மனியிலிருந்து கேரவனில் வந்த குடும்பம் இருக்கும். கொள்ளுப்பாட்டனாரின் ஊரைத் தேடி வந்த கனடாக்காரர் இருப்பார். அணியில் தன் பேரன் எங்கே வருகிறான் என்று கழுத்தை நீட்டிப் பார்க்கும் உள்ளூர்க் கிழவியும் இருப்பார். எல்லோரும் ஒரே கயிற்று வேலிக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். டிக்கெட் கணக்கில் எல்லோரும் ஒரு தலைதான். விழாவின் ஆயுள் கணக்கு போட உட்கார்ந்தால் மட்டும் அப்படிக் கூட்டிவிட முடியாது.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்டின் மரபில் எறிதல், ஓட்டம், நடனம், பேக்பைப் போட்டிகள் நடக்கும் விழாக்கள் இவை. கோடை வந்தால் இவற்றைப் பற்றி இரண்டு வகைச் செய்திகள் அடிபடும். ஓர் ஊரில் இதுவரை இல்லாத கூட்டம் என்பது ஒன்று. இன்னோர் ஊரில் ஆள் இல்லாமல் விழா நின்றுபோகும் நிலை என்பது மற்றொன்று. படிப்பவருக்குக் குழப்பம்தான்: இந்த விழாக்கள் வளர்கின்றனவா, தேய்கின்றனவா? இரண்டு செய்தியும் உண்மையாக இருக்கலாம். சில சமயம் ஒரே விழாவைப் பற்றியே இரண்டும் உண்மையாக இருக்கும்.

எண்ணிக்கை எப்படி வருகிறது

மே மாதம் முதல் செப்டம்பர் வரை ஸ்காட்லாந்தில் வாராவாரம் எங்காவது ஒரு விழா நடந்துகொண்டிருக்கும். 1946இல் தொடங்கப்பட்ட ஸ்காட்டிஷ் ஹைலேண்ட் விளையாட்டுகள் சங்கத்தில் மட்டும் ஏறத்தாழ 60 விழாக்கள் உறுப்பு. சங்கத்துக்கு வெளியிலும் விழாக்கள் உண்டு. பெரும்பாலானவை ஒரே நாளில் முடிந்துவிடும். ஒரு புல்வெளி, அதைச் சுற்றிக் கயிறு, உள்ளே ஒரே நேரத்தில் நான்கைந்து நிகழ்ச்சிகள். ஒரு மூலையில் குண்டெறிதல், இன்னொரு மூலையில் மேடைபோட்டு நடனம், நடுவில் ஓட்டம், ஓரத்தில் தனி பைப் கலைஞர் ஒருவர் நடுவர்முன் மெதுவாக நடந்தபடி வாசித்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட இடத்தில் தலை எண்ணுவது சுலபமில்லை. வடக்குக் கடற்கரை ஊரான நெய்ர்னில் விழா இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வெளியே வரலாம். அங்கே கூட்டம் என்பது கண் மதிப்பீடுதான். டிக்கெட் உள்ள இடங்களிலும் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. இரண்டு மூன்று நாள் விழாக்களில் தினமும் வரும் ஒருவர் இரண்டு மூன்று பேராகக் கணக்கில் ஏறுகிறார். போட்டியாளர்களையும் அவர்களோடு வரும் தாய் தந்தையரையும் பார்வையாளர் கணக்கில் சேர்க்கும் விழாவும் உண்டு, சேர்க்காததும் உண்டு. அமைப்பாளர் சொல்லும் எண் எப்போதும் கொஞ்சம் பெருத்தே இருக்கும். நன்கொடை கேட்டுப் போகிறவர் தன் விழாவைச் சிறியது என்று சொல்வாரா?

அதனால் ஓர் ஆண்டின் எண்ணை இன்னோர் ஆண்டின் எண்ணோடு வைத்து, கூடியது குறைந்தது என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மழை பெய்த சனிக்கிழமையையும் வெயில் அடித்த சனிக்கிழமையையும் ஒப்பிட்டு நூறாண்டுப் பழைய வழக்கத்தின் கதியைச் சொல்ல முடியாது. யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள், மறுபடி வருவார்களா என்று கேட்டால் கதை தெளிவாகும்.

அரசி வந்த பிறகு

ஹைலேண்ட் விழாக்கள் ஆதி காலத்திலிருந்து மலைமக்கள் தமக்குத் தாமே நடத்திக்கொண்டவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஃபைஃப் பகுதியின் கேரஸ் கிராமம், 1314இல் இங்கிலாந்தை ஸ்காட்லாந்து வென்ற பானக்பர்ன் போரிலிருந்து திரும்பிய வில்லாளிகள் தொடங்கிய விழா தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறது. பிரேமார் ஊர்க்காரர்கள் தங்கள் மலையோட்டத்தை 11ஆம் நூற்றாண்டின் மன்னர் மால்கமுக்குக் கொண்டுபோவார்கள். மன்னர் தனக்கு வேகமான தூதன் வேண்டும் என்று மலையேற்ற ஓட்டம் வைத்தாராம். ஐதிகம் ஐதிகமாகவே இருக்கட்டும். இன்று நாம் பார்க்கும் வடிவம் 19ஆம் நூற்றாண்டில் உருவானது.

பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீட்க எழுந்த 1745இன் ஜேகபைட் கிளர்ச்சி தோற்ற பிறகு, 1746 முதல் 1782 வரை ஹைலேண்ட் உடையை ஆண்கள் அணியச் சட்டம் தடை விதித்தது. குலத் தலைவர்களின் அதிகாரம் பறிக்கப்பட்டது. அடுத்த தலைமுறையில், ஆடு வளர்க்க நிலம் வேண்டுமென்று குடியானவர்களை நிலக்கிழார்கள் கூட்டங்கூட்டமாக வெளியேற்றினார்கள். மக்கள் போன பிறகு பண்பாட்டின்மேல் பாசம் பிறந்தது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த வரவேற்பில் டார்ட்டன் என்னும் கட்டம்போட்ட துணி வெள்ளமாக ஓடியது. மறு ஆண்டே லோனக் சங்கம் தொடங்கியது. பிரேமாரில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நலச் சங்கம் ஒன்று இருந்தது. நோயுற்ற உறுப்பினருக்கும் விதவைகளுக்கும் உதவுவது அதன் வேலை. விளையாட்டுப் போட்டி பின்னால் சேர்ந்துகொண்டது.

1848இல் விக்டோரியா அரசி பிரேமார் விழாவுக்கு வந்தார். அதோடு எல்லாம் மாறியது. அரசி பார்ப்பதைப் பார்க்க ஊர் திரண்டது. பிரேமார் இருக்கும் டீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் பால்மோரல் மாளிகை அரச குடும்பத்தின் கோடை இல்லமானது. அபர்டீனிலிருந்து கிளம்பிய ரயில் பாதை 1859இல் அபாயினையும் 1866இல் பாலட்டரையும் எட்டியது. அபாயினிலும் பாலட்டரிலும் விழாக்கள் தொடங்கிய காலமும் அதுதான். ரயில் கொண்டுவந்து இறக்கிய நகரத்துக் கூட்டத்தை நம்பித்தான் இந்த விழாக்கள் பெருத்தன. ஆகவே, "முன்பெல்லாம் நம் ஊர் விழாவாக இருந்தது, இப்போது சுற்றுலாப் பயணிகள் விழாவாகிவிட்டது" என்ற புலம்பலில் பாதி உண்மைதான் உண்டு. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர் முதல் நாளிலிருந்தே அங்கே இருக்கிறார்.

மாறியது விகிதம். சில நூறு பேர் மட்டுமே வாழும் பிரேமார் கிராமத்தில் செப்டம்பர் முதல் சனிக்கிழமை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுகிறார்கள். அரச குடும்பத்துக்கு எதிரே உட்காரும் இருக்கைகளுக்கு மாதக்கணக்கில் முன்பதிவு நடக்கிறது. 2022 செப்டம்பர் 3 அன்று எலிசபெத் அரசியால் வர முடியவில்லை. இளவரசர் சார்ல்ஸ் வந்தார். ஐந்து நாளில் அரசி மறைந்தார். 2023இல் சார்ல்ஸ் மன்னராக வந்து உட்கார்ந்தார். அரசர் வரும்வரை பிரேமாரில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் பிரேமாரை வைத்து மற்ற ஐம்பது அறுபது விழாக்களை எடைபோடுவது, பெரிய கோயில் உண்டியலை வைத்துத் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலின் வரவைக் கணக்கிடுவது போன்றது.

படகு நின்ற ஊர்

கூட்டம் மாறுவதைப் புரிந்துகொள்ள டனூன் நல்ல இடம். கிளைட் ஆறு கடலில் விரியும் கழிமுகத்தின் மேற்குக் கரையில், சுமார் 8,000 பேர் வாழும் சிற்றூர் அது. அங்கே 1894இல் தொடங்கிய கோவல் விழா ஆகஸ்ட் கடைசியில் மூன்று நாள் நடக்கிறது. உலக ஹைலேண்ட் நடனப் போட்டி நடக்கும் இடம் என்பதால், கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று பல நாட்டுச் சிறுமிகள் ஆண்டு முழுதும் பயிற்சி எடுத்து இங்கே வருகிறார்கள்.

ஒரு காலத்தில் கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் தளங்களும் ஆலைகளும் கோடையில் மூடும்போது, தொழிலாளர் குடும்பங்கள் நீராவிப் படகில் ஏறிக் 'கீழ்த்தண்ணீருக்கு' போவார்கள். அதாவது ஆற்றோடு கீழே இறங்கி டனூன், ராத்சே போன்ற கரையூர்களில் ஒரு வாரம் தங்குவார்கள். கோவல் விழாவின் பழைய கூட்டம் பெரும்பாலும் இந்தக் கிளாஸ்கோ கூட்டம். 1960களிலும் 70களிலும் ஸ்பெயினுக்கு மலிவு விலையில் விமானச் சுற்றுலா வந்தது. அதே பணத்துக்கு நிச்சயமான வெயில். மழை பெய்யும் டனூனுக்கு எவர் போவார்? 1961 முதல் ஹோலி லோக் கடற்கழியில் அமெரிக்க நீர்மூழ்கித் தளம் இருந்ததால், அந்த மாலுமிகளும் குடும்பங்களும் ஊரின் கடைகளுக்கும் விழாவுக்கும் கொஞ்சம் உயிர் கொடுத்தார்கள். 1992இல் அந்தத் தளமும் மூடப்பட்டது. 2011இல் எதிர்க்கரை ஊரான கூரக்கிலிருந்து டனூன் ஊருக்குள்ளேயே வந்து இறக்கிய கார் ஏற்றும் அரசுப் படகு நின்றது. பயணிகள் படகு மட்டும் தொடர்ந்தது, அதுவும் காற்று வலுத்தால் ஓடாது. கார்கள் சற்றுத் தள்ளியிருக்கும் தனியார் படகுத் துறை வழியே வர வேண்டியதாயிற்று.

அதன் பிறகு விழுந்தது பெரிய அடி. பேக்பைப்பும் முரசும் சேர்ந்து வாசிக்கும் பைப் பேண்ட் குழுக்களின் உலகில் ஆண்டுக்கு ஐந்து பெரும் போட்டிகள் நடக்கும். கோவல் வெகுகாலம் அவற்றில் ஒன்றாக இருந்தது. 2010களில் அந்தத் தகுதி அதனிடமிருந்து போய்விட்டது. ஒரு பேண்டில் இருபது முப்பது பேர், அவர்களோடு குடும்பம், ஓட்டுநர், ஆசிரியர். பெரும் போட்டி என்றால் அப்படி நூற்றுக்கு மேல் பேண்டுகள் வரும். சனிக்கிழமை மாலை எல்லா பேண்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஆர்கைல் தெரு வழியே வாசித்துக்கொண்டு இறங்கி வருவதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்தார்கள். டிக்கெட் வாங்காதவர்கள்கூட அந்தத் தெருவில் வந்து நிற்பார்கள். தகுதி போனதும் பேண்டுகள் குறைந்தன. பேண்டு குறைந்தால் விடுதி அறை, மதுக்கடை, மீன்வறுவல் கடை எல்லாம் சேர்ந்து குறையும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த விழாக்களில் போட்டியாளரும் பார்வையாளரும் தனித்தனி இனம் கிடையாது. நடனமாட வரும் ஒரு சிறுமி, தாய், தந்தை, பாட்டி, தம்பி என்று ஐந்து டிக்கெட்டுகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். ஹைலேண்ட் நடனம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆண்களின் ஆட்டமாக இருந்தது. இன்று மேடையில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். அவர்கள் இல்லையென்றால் பல விழாக்களின் கணக்குப் புத்தகம் சிவப்பாகியிருக்கும். கட்டைதூக்கும் மல்லர்களின் படம் சுவரொட்டியில் இருக்கும். கணக்கைத் தாங்குவது நடன மேடை.

வடம் பிடிக்க ஆள் இல்லை

'ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்' என்று நாம் சொல்வோம். தேர் பார்க்க எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் வடம் பிடிக்க ஆள் இல்லையென்றால் தேர் நிலையை விட்டு நகராது. ஸ்காட்லாந்தின் சிறிய விழாக்கள் பலவற்றின் நிலை இன்று இதுதான். பார்க்க வருபவர்கள் இருக்கிறார்கள். நடத்துபவர்களைத்தான் காணோம்.

ஒரு கிராம விழாவை நடத்துவது பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு. யாருக்கும் சம்பளம் இல்லை. குளிர்காலத்திலேயே கூட்டம் போட்டு, நிலச் சொந்தக்காரரிடம் பேசி, நடுவர்களுக்குக் கடிதம் எழுதி, பரிசுத் தொகைக்கு உள்ளூர்க் கடைக்காரர்களிடம் கையேந்தி, விழாவுக்கு முந்தின வாரம் கயிறு கட்டி, கார் நிறுத்தும் வயலில் புல் வெட்டி, மறுநாள் குப்பை பொறுக்கி முடிப்பவர்கள் அவர்கள்தான். பலருக்கு வயது 60ஐத் தாண்டிவிட்டது. மலையூர்களில் வீடுகளை விடுமுறை இல்லங்களாக வெளியூர்க்காரர்கள் வாங்கிவிடுவதால் இளம் குடும்பங்களுக்கு வீடு கிடைப்பதில்லை. பிள்ளைகள் படிக்கப் போன நகரத்திலேயே தங்கிவிடுகிறார்கள். 2020இல் கொரோனாவால் ஏறக்குறைய எல்லா விழாக்களும் நின்றன. 2021லும் பெரும்பாலானவை நடக்கவில்லை. அந்த இரண்டு கோடைகள் வீட்டில் உட்கார்ந்திருந்த மூத்தவர்களில் சிலர், "இனி என்னால் ஆகாது" என்று விலகிக்கொண்டார்கள். இருபது ஆண்டுகளாகப் பொருளாளராக இருந்தவர் போனால், எந்தக் கூடாரக்காரருக்கு எப்போது தொலைபேசி செய்ய வேண்டும் என்ற அறிவும் அவரோடு போய்விடுகிறது.

செலவுக் கணக்கும் விசித்திரமானது. கூடாரம், நடமாடும் கழிப்பறை, முதலுதவிக் குழு, காப்பீடு, ஒலிபெருக்கி ஆகிய எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கட்டியாக வேண்டும். வரவு ஒரே நாளில், அதுவும் பெரும்பாலும் வாசலில்தான் வருகிறது. அன்று காலை ஆறு மணிக்கு மழை பிடித்துக்கொண்டால் ஓர் ஆண்டு உழைப்பு சேற்றில் போய்விடும். கூட்டம் வராதது மட்டும் கஷ்டமில்லை. வயல் நனைந்துவிட்டால் கார் நிறுத்த இடமில்லை என்று, வரத் தயாராக இருப்பவர்களையும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். தொடர்ந்து இரண்டு மழைச் சனிக்கிழமைகளைத் தாங்கும் சேமிப்பு எல்லா விழாக்களிடமும் இருப்பதில்லை.

இதற்கு மேல் சட்டம். 2017 மான்செஸ்டர் குண்டுவெடிப்பில் உயிரிழந்த ஓர் இளைஞரின் பெயரால் மார்ட்டின் சட்டம் என்று அழைக்கப்படும் பாதுகாப்புச் சட்டம் 2025 ஏப்ரலில் நிறைவேறியது. நுழைவைக் கட்டுப்படுத்தி, 800 பேரையோ அதற்கு மேலோ கூட்டும் நிகழ்ச்சிகள் பயங்கரவாதத் தாக்குதலுக்கு எதிரான ஏற்பாடுகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. நடைமுறைக்கு வரக் குறைந்தது இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. சட்டத்தின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியையும் இரண்டு விவசாயிகளும் இரவு உணவுக்குப் பிறகு உட்கார்ந்து எழுத வேண்டிய காகிதங்களில் இன்னொரு கட்டு கூடிவிட்டது.

சுற்றுலாப் பயணி இந்தச் சிக்கலை ஓரளவுதான் தீர்க்கிறார். டிக்கெட் வாங்குகிறார், பர்கர் வாங்குகிறார், டார்ட்டன் கழுத்துத்துணி வாங்குகிறார், நல்லது. ஆனால் அவர் வாழ்நாளில் ஒருமுறை வருகிறார். அவருக்கு எல்லாமே புதிது. கேபர் எறிதலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 6 மீட்டர் நீளமும் 50 கிலோவுக்கு மேல் எடையும் உள்ள மரக்கட்டையை ஒருவர் செங்குத்தாகத் தூக்கி, தோளில் சாய்த்து, சில அடி ஓடித் தூக்கி எறிகிறார். கட்டையின் மேல்நுனி தரையில் குத்தி, அடிப்பகுதி எழும்பிப் புரண்டு அப்பால் விழ வேண்டும். எவ்வளவு தூரம் போனது என்று எவரும் அளப்பதில்லை. எறிந்தவரை ஆறு மணி என்று வைத்துக்கொண்டால், விழுந்த கட்டை கடிகாரத்தில் பன்னிரண்டைக் காட்ட வேண்டும். பதினொன்றைக் காட்டினால் மதிப்பெண் குறையும். இது தெரியாதவர் தூரமாகப் போன கோணல் எறிதலுக்குக் கைதட்டுவார். பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க் கிழவர் நேராக விழுந்த குட்டை எறிதலுக்குத் தலையசைப்பார். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் விதிகளைப் பொறுமையாக விளக்கத் தொடங்கினால், கூட்டத்தில் யார் அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

இளைஞர்கள் எங்கே போனார்கள்

ஸ்காட்லாந்து இளைஞர்கள் பாரம்பரியத்தை விட்டுவிட்டார்கள் என்று சொன்னால் அது தவறு. அவர்கள் வேறு மைதானத்தில் இருக்கிறார்கள். 1981இல் பாரா தீவில் நடந்த முதல் 'ஃபேஷ்' முகாமிலிருந்து, சிறுவர்களுக்கு, மலைமக்களின் பழைய மொழியான கேலிக்கில் பாட்டும் ஃபிடில் என்னும் வயலினும் கற்றுத் தரும் இயக்கம் நாடெங்கும் பரவியது. கிளாஸ்கோவின் கடுங்குளிர் ஜனவரியில் 1994 முதல் நடக்கும் செல்டிக் கனெக்‌ஷன்ஸ் விழா, ஸ்டோர்னவே ஊரில் 1996இல் தொடங்கிய ஹெப்ரிடியன் செல்டிக் விழா, இன்வர்னெஸ் அருகே 2004இல் தொடங்கிய பெலட்ரம் விழா ஆகியவை அந்தத் தலைமுறையின் கூடுமிடங்கள். பேக்பைப்பும் மின்கிட்டாரும் ஒரே மேடையில் ஒலிக்கும். கேலிக் பேசத் தெரிந்தவர் 2011 கணக்கெடுப்பில் சுமார் 57,600 பேர். 2022இல் அது சுமார் 69,700 ஆக உயர்ந்தது. உயர்வு நகரங்களிலும் பள்ளிகளிலும் வந்தது, பழைய கேலிக் தீவுகளில் வழக்கு இன்னும் தேய்கிறது. இந்தப் புதிய கேலிக் ஆர்வம் கேபர் எறியும் புல்வெளிக்கு ஏன் வரவில்லை என்றால், அந்தப் புல்வெளியில் கேலிக் மொழிக்கு வெகுகாலமாகவே பெரிய இடமில்லை. மொழிக்கு 1892இல் ஓபன் ஊரில் தொடங்கிய மாட் என்னும் கேலிக் விழா தனியே இருந்தது.

பெரிய நகரத்து விழாக்களும் முழுதாக மீளவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடின்பரோ ஃப்ரிஞ்ச் என்னும் கலைவிழாவில் 2019இல் 30 லட்சத்துக்கு மேல் டிக்கெட்டுகள் வழங்கப்பட்டன. 2022இல் அது 22 லட்சம். 2024இல் 26 லட்சத்தைத் தாண்டியது. அங்கே தடை ஆர்வமின்மை அன்று, அறை வாடகை. ஆகஸ்டில் எடின்பரோவில் ஓர் இரவு தங்கும் செலவைக் கேட்டால் பார்வையாளர் மட்டுமல்ல, கலைஞரும் திரும்பிப் போய்விடுவார். அதனோடு ஒப்பிட்டால், குடும்பத்தோடு போய் நாள் முழுதும் இருந்துவிட்டு வரும் கிராம விழா மலிவுதான்.

கடல் கடந்த குலக் கூடாரங்கள்

இன்று ஹைலேண்ட் விழாக்களின் பெருங்கூட்டங்கள் பல ஸ்காட்லாந்துக்கு வெளியே இருக்கின்றன. வெளியேற்றப்பட்டவர்களும் பிழைக்கப் போனவர்களும் குடும்பமாகக் குடியேறிய இடங்களில் விழாவும் வேரூன்றியது. கனடாவின் அன்டிகோனிஷ், ஆஸ்திரேலியாவின் மேரிபரோ, நியூசிலாந்தின் வைப்பு ஆகிய ஊர்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டார்கள். இலங்கை மலையகத்துக்கும் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்தார்கள். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் அவர்களில் ஒருவர். ஆனால் அங்கே வந்த பெரும்பாலோர் துரைகளாக வந்தவர்கள், சம்பாதித்துத் திரும்பியவர்கள். விட்டுச்சென்றது பெயர்களை: ஹோலிரூட், எடின்பரோ, ஸ்ட்ராத்ஸ்பே, டன்கெல்ட். தமிழ்த் தொழிலாளர்கள் அந்தத் தோட்டங்களுக்குத் தங்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

அமெரிக்காவில் இந்த விழாக்களுக்கு இரண்டு பிறவி. முதல் பிறவி 1850களில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் ஸ்காட்லாந்துக் குடியேறிகளின் கலிடோனியன் மன்றங்கள் நடத்திய போட்டிகள். அவற்றுக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தார்கள், வந்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர் அல்லாதவரே மிகுதி. பணம் கட்டிப் பார்க்கக்கூடிய தடகளம் அப்போது வேறெங்கும் அதிகம் இல்லை. அபர்டீன்ஷயரின் புகழ்பெற்ற மல்லர் டொனால்ட் டின்னி 1872இல் அமெரிக்கா சுற்றி வந்து பரிசுப் பணத்தை அள்ளிக்கொண்டு போனார். 1860இல் பொட்டார்க் பாலத்தின் குறுக்கே, மொத்தம் 332 கிலோ எடையுள்ள இரண்டு கற்களை வெறுங்கையால் சுமந்து நடந்தவர் அவர். பிறகு கல்லூரிகள் தடகளத்தை எடுத்துக்கொண்டன, பேஸ்பால் வந்தது, பணத்துக்கு ஓடுவது கேவலம் என்ற அமெச்சூர் கொள்கை வந்தது. கூட்டம் கலைந்தது.

இரண்டாம் பிறவி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1956இல் வடகரோலினாவின் கிராண்ட்ஃபாதர் மலையில் பிரேமாரை மாதிரியாக வைத்துத் தொடங்கிய விழா இதன் அடையாளம். வியாழக்கிழமை இருட்டும் நேரத்தில் தீப்பந்தம் ஏந்தியவர்கள் வந்து, ஒவ்வொரு குலத்தின் பெயரையும் சொல்லி அதன் வருகையை அறிவிப்பார்கள். மறுநாள் புல்வெளியைச் சுற்றிக் குலக் கூடாரங்கள். "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டு, பட்டியலில் விரல் ஓட்டி, "நீங்கள் எங்கள் குலத்தைச் சேர்ந்தவர்" என்று சொல்லும் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு கூடாரத்திலும் இருப்பார். ஸ்காட்லாந்தின் கிராம விழாவில் இப்படிக் கூடாரங்களைக் காண்பது அரிது. அங்கே யார் யாருடைய பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும், பட்டியல் எதற்கு?

1970களில் அமெரிக்கா முழுதும் பரவிய வம்சாவளி ஆர்வம் இந்தக் கூடாரங்களை நிரப்பியது. அன்று நாற்பது வயதில் சேர்ந்தவர்கள் இப்போது முதுமையின் கடைசியில் இருக்கிறார்கள் அல்லது இல்லை. குலச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல் சுருங்குகிறது என்ற கவலை கூடாரத்துக்குள் கேட்கிறது. கூடாரத்துக்கு வெளியே கூட்டம் குறையவில்லை. பழைய ஸ்காட்லாந்தைக் களமாகக் கொண்டு 2014இல் தொடங்கிய 'அவுட்லேண்டர்' தொலைக்காட்சித் தொடருக்குப் பிறகு, ஸ்காட்லாந்து வம்சமே இல்லாத ரசிகர்கள், முக்கியமாகப் பெண்கள், இந்த விழாக்களுக்குத் திரளாக வருகிறார்கள். தொடரின் நடிகர்கள் வந்தால் அவர்களோடு படம் எடுக்க வரிசை நிற்கிறது. பழைய உறுப்பினர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் அவர்களோடு உடன்பாடில்லை. விக்டோரியா அரசியைப் பார்க்க ரயிலேறி வந்த அபர்டீன் குமாஸ்தாவுக்கும் நடிகரைப் பார்க்க விமானமேறி வரும் ஓஹாயோ நர்ஸுக்கும் என்ன பெரிய வேற்றுமை?

இந்தக் கடல்கடந்த பாசத்தைத் திரும்ப ஸ்காட்லாந்துக்கு இழுத்து வரலாம் என்று அரசு 2009இல் முயன்றது. அந்த ஆண்டு ஜூலையில் எடின்பரோவின் ஹோலிரூட் பூங்காவில் 'தி கேதரிங்' என்ற மாபெரும் குலச் சங்கமம் இரண்டு நாள் நடந்தது. 47,000 பேர் வந்ததாகக் கணக்கு. நாட்டுக்கு 1 கோடி பவுண்டுக்கு மேல் பொருளாதாரப் பலன் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் நடத்திய நிறுவனம் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் நட்டப்பட்டு மூழ்கியது. வேலை செய்து கொடுத்த பல சிறு நிறுவனங்களுக்குப் பணம் வரவில்லை. தணிக்கைத் துறை விசாரித்து அறிக்கை எழுதியது. ஊருக்கு லாபம், நடத்தியவருக்கு நட்டம். கிராம விழாக் குழுக்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. விடுதிக்காரரும் மதுக்கடைக்காரரும் பணம் எண்ணும் இரவில்தான் குழுப் பொருளாளர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

கிராம விழாக்களின் நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பார்த்தால், சில போட்டிகளுக்குப் பக்கத்தில் 'உள்ளூர்' என்று அச்சிட்டிருப்பது தெரியும். அந்த வட்டாரத்தில் வசிப்பவர்கள் அல்லது அங்கே பிறந்தவர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். பரிசுத் தொகை சொற்பம். ஊர் ஊராகப் போய் ஜெயிக்கும் தொழில்முறை மல்லர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில், டிராக்டர் ஓட்டும் இளைஞன் ஒருவன் இரவல் கில்ட்டோடு குண்டை எறிவான். பயணிகள் அந்த நேரத்தில் தேநீர்க் கூடாரத்துக்குப் போய்விடுவார்கள். குழுவில் இருப்பவர்கள் மட்டும் போகமாட்டார்கள். கயிற்றோரம் நின்று, இந்த ஆண்டு எத்தனை பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.